எர்மெஸ் கத்திய இசைத்தட்டு

இத்தாலியின் பார்மா ஊரில், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைக் கறியான ஹாம் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹாமைச் சீவிக் கொடுக்கும்போதே எந்தப் பாடகரின் எந்த இசைத்தட்டை வாங்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறவர் எர்மெஸ் தோசினி ஒருவர்தான். யாரும் அவரைக் கேட்பதில்லை. அவராகவே ஆரம்பித்துவிடுவார்.

"அந்தம்மா பாடின தட்டா? ஊறிப்போன ரொட்டி மாதிரி இருக்கும். வேண்டாங்க. அந்தக் காசுக்கு இன்னும் நூறு கிராம் ஹாம் வாங்கிட்டுப் போங்க, வீட்ல சந்தோஷப்படுவாங்க."

கல்யாணப் பரிசோ, பிறந்தநாளோ, எதுவானாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும் தட்டு ஒன்று உண்டு. எழுபத்து நாலில் இதே ஊர் ஓபரா அரங்கில் டெல்மோ ரஸ்பெரீனி என்ற டெனர், அதாவது உச்சஸ்தாயி ஆண் பாடகர், பாடியது. மேல்மாடியில் உட்கார்ந்திருந்த எவனோ கோட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்துவைத்துப் பதிவு செய்தது. மூன்றாம் அங்கத்தில் ரஸ்பெரீனி உச்சிக்கு ஏறும் நேரத்தில், ரெக்கார்டருக்குப் பக்கத்திலேயே ஒரு குரல் இடிபோல விழும்: "போய்ப் பால் கறடா!"

அது இருபத்து நாலு வயசு எர்மெஸ். அதன் பிறகு ரஸ்பெரீனி பார்மா பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எர்மெஸோ அந்த மூன்று வார்த்தையை வைத்தே ஆயுசு முழுக்க ஓசியில் ஒயின் குடித்தார்.

"அந்தக் குரல் யாருதுன்னு பாக்கத்தான் வந்தேன்" என்பாள் மனைவி அர்ஜியா. "கட்டிக்கிட்டேன். இன்னும் அடங்கல."

"அவன் சுருதி கிழிஞ்சுதுடி! காதுள்ளவன் எவனும் கத்தியிருப்பான்" என்பார் அவர். சரிபார்க்க வழியில்லை. தட்டில் அவர் கத்தல்தான் கேட்கும், சுருதி அதற்கு அடியில் புதைந்து கிடந்தது.

போன குளிர்காலத்தில் ரஸ்பெரீனி செத்துப்போனார். வசந்தத்தில் அதே எழுபத்து நாலு ஓபரா புதுத் தட்டாக வந்தது. இந்த முறை மேடை ஓரத்து மைக்கில் பதிவான நாடாவிலிருந்து எடுத்திருந்தார்கள். அதை வாங்கி வந்தவர் முடிதிருத்தும் பிரிமோ. ஞாயிறு காலைகளில் ஒயின் கடையின் பின்னறையில் கூடி, ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு, எதை வாங்கலாம் என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பது எர்மெஸும் பிரிமோவும் சேர்ந்த ஓபராப் பித்தர் கூட்டத்தின் வேலை.

அந்த ஞாயிறு முதலில் பழசைப் போட்டார்கள். கத்தல் வந்ததும் வழக்கம்போல எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். எர்மெஸ் மாப்பிள்ளை மாதிரி தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

பிறகு புதுசு. எர்மெஸ் கோப்பையைப் பாதி தூக்கிக் காத்திருந்தார். ரஸ்பெரீனி ஏறினார். உச்சியில் குரல் முழுசாக, உருண்டையாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. எங்கோ தூரத்தில் தெருநாய் குரைப்பது போல ஏதோ கேட்டது. அது கேட்ட பிறகு, அடுத்த வரியில்தான், அந்த மனிதரின் குரல் நடுங்கியது.

யாரும் குடிக்கவில்லை.

"என்னடா, சுருதி கிழிஞ்சுதுன்னியே?" என்றார் பிரிமோ.

"கம்பெனிக்காரன் தச்சிருப்பான். இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எதை வேணாலும் தைக்கறானுங்க."

"அப்ப அடுத்த வரி நடுக்கத்தையும் சேர்த்துத் தச்சிருக்கலாமேடா?"

"திரும்பப் போடு" என்றார் எர்மெஸ். போட்டார்கள். இன்னொரு தடவையும் போடச் சொன்னார். எப்படிக் கேட்டாலும் சுருதி கிழியவே இல்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, தொப்பியை மறந்து வீட்டுக்குப் போனார். பலகையில் அன்று யாரும் ஒன்றும் எழுதவில்லை. அர்ஜியா சூப் ஊற்றினாள், அவர் தொடவில்லை.

"அந்த ஆளு நல்லாத்தான் பாடியிருக்கான், அர்ஜியா." அவருக்கு அழுகை வந்தது. "நான் எதுக்குடி கத்தினேன்?"

"பக்கத்துல இருந்தவங்க சிரிப்பாங்கன்னு" என்றாள் அவள். "சிரிச்சாங்க இல்ல?"

மறுநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பக்கத்து நகரமான பொலோஞ்ஞாக்காரி. ஹாம் கேட்கவில்லை.

"நீங்கதானே எர்மெஸ்? எங்கப்பாவுக்குப் பிறந்தநாள். அந்த ரஸ்பெரீனி தட்டு வேணும்னார். ரெண்டு இருக்காமே, எதை வாங்கறது?"

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்தி அவரைத் தேடி வந்து கேட்கிறாள். எர்மெஸ் கத்தியைக் கீழே வைத்து ஏப்ரனில் கையைத் துடைத்தார்.

"புதுசை வாங்குங்கம்மா" என்றார். "பழசுல ஒரு மடையன் குறுக்க கத்துவான். பாட்டு கேக்காது."