ஒரு தெரு முழுக்கத் தறி நின்றபோது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். சோமனூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் தறிக்குடோனைப் படம் எடுக்க வாடகைக்குக் கேட்டு சினிமாக்காரர்கள் சிலர் வந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் விசைத்தறியில் கூலிக்குத் துணி நெய்து கொடுப்பவர்கள். நம்ம குடோன் சினிமாவில் வரப்போகிறது என்று எனக்கு ஒரே குஷி. "தறியை ஒடைச்சுப்போடாம இருந்தாச் செரி" என்பது அவர் கவலை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். எங்கள் வீட்டில் அது வழக்கம்தான்.

டைரக்டர் ஒரு பெண். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. கோயமுத்தூர்க்காரி, அதுதான் முதல் படம். தயாரிப்பாளரும் கோயமுத்தூர்தான். பம்பு மோட்டார் செய்யும் பட்டறை வைத்திருப்பவர், வயதில் மூத்தவர், சினிமாவுக்குப் புதுசு. அந்தப் பெண் கதை சொன்னதைக் கேட்டு அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்த கையோடு பணம் போட ஒப்புக்கொண்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். பட்டறைக் கட்டடத்தை அடமானம் வைத்துத்தான் படம் எடுக்கிறார் என்பதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

கதை இதுதான். தறி ஓட்டும் ஒரு பெண்ணின் கணவன் ரோட்டில் அடிபட்டு இறந்துபோகிறான். வயிற்றுப்பாட்டுக்காக, அழக்கூட நேரமில்லாமல் அவள் தறியை ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாள், தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு அந்த அமைதியில் தனியாக உட்காருகிறாள். அதோடு படம் முடிகிறது. எனக்கே கேட்டதும் 'அவ்வளவுதானா?' என்று இருந்தது. ஆனால் அதை டைரக்டர் முகத்துக்கு நேராக யார் சொல்வது?

சொன்னவர் தயாரிப்பாளர். கடைசி நாள் படப்பிடிப்பு அன்று, எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வைத்து. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, டம்ளர் வாங்குகிற சாக்கில் கதவோரம் நின்றுகொண்டேன்.

பிரச்சினை என்னவென்றால், அந்த அமைதியை நிஜமாகவே பதிவு செய்ய வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதமாக இருந்தாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிதான். எங்கள் குடோனை மட்டும் நிறுத்தினால் பக்கத்துச் சத்தம் அப்படியே உள்ளே வரும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாளை நம்பித்தான் அந்தக் காட்சியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். நிறுத்திக் காட்ட எங்கள் தறிகள் மட்டும் ஓட வேண்டுமே, அதற்கு ஜெனரேட்டர் ஏற்பாடு. கேட்காதபோதெல்லாம் போகிற கரண்டு, கேட்டபோது போகவில்லை. மின்தடையை வேறு தேதிக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். கதாநாயகி அன்று மாலை வேறு படத்துக்குக் கிளம்ப வேண்டும். இன்னொரு நாள் எடுக்கத் தயாரிப்பாளரிடம் காசு இல்லை.

"சத்தத்தை ஸ்டுடியோவுல எடுத்துப்போட்டு மியூசிக் போட்டுக்கலாமுங்க அம்மணி" என்றார் அவர். "இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். அந்தப் புள்ளை சும்மா உக்காந்திருக்கறதைப் பாக்கறதுக்கு எவனுங்க டிக்கெட்டு எடுப்பான்? அவளுக்கு மறுபடி ஒரு கண்ணாலம் வெச்சு, ஒரு பாட்டோட முடிச்சா நாலு பேரு சந்தோசமா ஊட்டுக்குப் போவாங்க. நானும் பட்டறையை மீட்டுப்போடுவேன்."

அவர் சும்மா சொல்லவில்லை. தெருமுனையில் ஒரு வேன் நின்றது. உள்ளே ஜிகினாப் பாவாடை கட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, ஆட்டக்காரர்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டரைக் கேட்காமல் அவரே வரவழைத்தது.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "சத்தத்துலயே வாழ்ந்தவளுக்கு அமைதி எப்படி இருக்கும்னு ஸ்டுடியோவுல செய்ய முடியாதுங்க. நீங்க அழுத கதை இதுதானுங்க. இதை மாத்தினா படத்துல இருந்து என்ற பேரை எடுத்துப்போடுங்க" என்றாள். எங்கள் ஊரில் சண்டை உச்சத்துக்குப் போனாலும் 'ங்க' மட்டும் போகாது. இரண்டு பேரும் மரியாதையாகவே ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தப்படி படத்தை எப்படி முடிப்பது என்பது தயாரிப்பாளர் உரிமையாம். அவர் நினைத்திருந்தால் அந்த நிமிடமே வேனில் இருந்தவர்களை இறக்கியிருக்கலாம். ஆனால் இப்படிச் சொன்னார்.

"செரி. அஞ்சு மணி வரைக்கும் டைமுங்க. அதுக்குள்ள நீங்க கேக்கற அமைதி கெடச்சா, உங்க முடிவு. கெடைக்காட்டி என்ற முடிவு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது."

அப்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. டைரக்டரின் உதவியாளர்கள் தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். யார் சம்மதிப்பார்கள்? தறியைத் திடீரென்று நிறுத்தினால் அந்த இடத்தில் துணியில் ஒரு கோடு விழும். நூல் கொடுத்துத் துணி நெய்து வாங்குகிற ஜவுளிக்காரர் அதைப் பார்த்ததும் கூலியில் பிடிப்பார். எவரோ படம் எடுப்பதற்கு இவர்கள் ஏன் நட்டப்பட வேண்டும்? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் எங்கள் வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

அப்போதுதான் நான் சற்றும் எதிர்பாராதது நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, எந்த ஊட்டுக்கு மொதல்ல போனா நல்லதுங்க?"

எனக்குப் புரியவே இல்லை. "நீங்களாங்கண்ணா? அமைதி கெடைக்காட்டித்தானுங்களே உங்களுக்கு நல்லது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"டைம் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டு, கெடைக்காதுன்னு தெரிஞ்சு உக்காந்துட்டிருந்தா அது ஏமாத்துங்க. வாங்க, போலாம்."

அடேங்கப்பா! கட்டடத்தை அடமானம் வைத்த மனிதர், தன் பணத்தைக் காப்பாற்றும் என்று அவர் நம்பிய முடிவுக்கு எதிராக, அந்த வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வழிகாட்ட நானும் கூடப் போனேன். ஒவ்வொரு குடோனிலும் சத்தத்துக்கு மேல் கத்தி ஒரே மாதிரிதான் பேசினார். "கோடு உழும்னு தெரியுமுங்க. ஈடு கட்ட என்றகிட்டக் காசு இல்லீங்க. அந்தப் பொண்ணு சொல்றது செரியா, நான் சொல்றது செரியான்னு ஒரு தடவை பாத்துப்போடறோமுங்க. பத்து நிமிசம் நிறுத்திக் குடுங்க."

காசு தருகிறேன் என்று சொல்லியிருந்தால் பேரம் பேசியிருப்பார்கள். இல்லை என்று சொன்ன பிறகு என்ன பேசுவது? ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கும் எனக்கும் சாக்கடைத் தகராறில் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அங்கேயும் அவர் நேராகப் போய்விட்டார், நான் வாசல் படலுக்கு வெளியே நின்றேன். அந்த அக்கா என்னைப் பார்த்து, "நீ கேட்டிருந்தா நிறுத்தியிருக்கமாட்டேன். அவரு கேக்கறாரு, நிறுத்தறேன்" என்றாள். பேசிவிட்டாளே! அதுவே பெரிய விஷயம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும். தறி ஓடும்போது கூப்பிட்டால் காதில் விழாது. அதனால் நான் எங்கள் மொட்டை மாடியில் நின்று சிவப்புச் சேலையை வீசுவது, அதைப் பார்த்து நிறுத்துவது என்று ஏற்பாடு. மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. கீழே குடோனில் கதாநாயகி எங்கள் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தாள். உதவியாளர் ஒருவர் கையைக் காட்டினார். நான் சேலையை வீசினேன்.

தெருமுனையில் ஒன்று நின்றது. பிறகு நாலைந்து. பிறகு எல்லாம்.

அந்தத் தெருவுக்கு நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒரு அமைதியைக் கேட்டதே இல்லை. கரண்டு போனால்கூட ஜனங்கள் வெளியே வந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது ஒருவரும் பேசவில்லை. எங்கேயோ ஒரு குக்கர் லேசாக மூச்சுவிடுவது கேட்டது. என் கண்ணாடி வளையல் உரசுவது கேட்டது. எனக்குக் காரணமே தெரியாமல் அழுகை வந்தது. அந்தப் பெண் எதற்காக அப்படி மல்லுக்கு நின்றாள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் என் வீட்டுக்காரர் வருகிறார்! காலையிலேயே நூல் விஷயமாகக் கருமத்தம்பட்டி போனவர், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தெருவே ஓய்ந்து கிடக்கிறதைப் பார்த்துப் பதறிப்போய் வேகமாக வந்தார். கத்த முடியாது. கையை ஆட்டினேன், சேலையை ஆட்டினேன், மனிதர் நிமிர்ந்தால்தானே! நேராகக் குடோன் வாசலுக்கு வந்தவர், எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே குரல் கொடுத்தார்.

"ஏ அம்மணி... கரண்டு போயிருச்சா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு தெருவே நட்டப்பட்டுக் கொடுத்த அமைதியை என் புருஷன் ஒரே வார்த்தையில் கெடுத்துவிட்டாரே! 'கட்' என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, கீழே இருந்து கதாநாயகியின் குரல் வந்தது. மெதுவாகத்தான் சொன்னாள். அந்த அமைதியில் மாடி வரை கேட்டது.

"இல்லீங்க... நாந்தானுங்க நிறுத்திப்போட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கதையில் அவளுக்குப் புருஷன் இல்லை, செத்துப்போய்விட்டான். அவளை அம்மணி என்று வாசலிலிருந்து கூப்பிட அவளுக்கு யாருமில்லை. அந்தக் குரலுக்குத்தான் அவள் பதில் சொல்கிறாள். எட்டிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் வாசலில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் கழித்துத்தான் டைரக்டர் 'கட்' சொன்னாள்.

நான் இறங்கி ஓடினேன். ஒருவரும் நகரவில்லை. ஒலிப்பதிவு செய்கிறவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கதாநாயகியை எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "தெரியலீங்க அக்கா, கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். "நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்?" என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் நூல் மூட்டை மேல் துண்டில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தெருமுனைக்குப் போய், வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல சினிமா. நடந்தது வேறு.

சில மாதம் கழித்து டைரக்டர் எனக்குப் போன் செய்து தேம்பினாள். ஒரு பெரிய கம்பெனி படத்தைப் பார்த்துவிட்டு நல்ல விலைக்குக் கேட்கிறதாம். ஒரே நிபந்தனை, கடைசிக் காட்சியை எடுத்துவிட்டுக் கல்யாணமும் பாட்டும் வைக்க வேண்டும். "அவரு கேட்டதும் அதேதானுங்களே அக்கா. உரிமையும் அவருதுதான். கடனும் கழுத்தை நெரிக்குது. நானே அவரு எடத்துல இருந்தா ஒத்துக்குவேன்" என்றாள். அவர் மீது கோபப்பட எனக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் மறுபடி போன். இப்போதும் அழுதாள், ஆனால் சிரித்துக்கொண்டே. அவர் முடியாது என்றுவிட்டாராம். "வாக்குக் குடுத்தது அந்தத் தறிக்காரரு ஊட்டுலீங்க. ஏவாரம் நல்லா வருதுன்னு வாக்கை மாத்த முடியுமுங்களா? அந்தத் தெருவுல போயி நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?" என்று கேட்டாராம்.

படத்தை அவரே சொந்தமாக வெளியிட்டார். கோயமுத்தூரில் ஒரு தியேட்டரில், பகல் காட்சி மட்டும். எங்கள் தெருவே வேன் வைத்துக்கொண்டு போனோம். எதிர்வீட்டு அக்கா என் பக்கத்து சீட்டு. எங்களைத் தவிர உள்ளே ஆளே இல்லை. அந்தக் காட்சி வந்ததும் என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், அக்கா மூக்கை உறிஞ்சினாள். விளக்குப் போட்ட பிறகும் ஒருவரும் எழவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

பட்டறைக் கட்டடம் போய்விட்டது. இப்போது ஒரு சின்ன வாடகை இடத்தில் தொழில் செய்கிறார். போன வருடம் ஒரு மோட்டார் வாங்கப் போனபோது பார்த்தோம். கையெல்லாம் கிரீஸோடு வந்து, பழைய மாதிரியே டீ சொல்லி அனுப்பினார். மனசு கேட்காமல், "வருத்தமில்லீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

"வருத்தமில்லாம இருக்குமுங்களா அம்மணி? சில நாளு தூக்கமே வாரதில்லை. இப்பவும் சொல்றேன், பாட்டு வெச்சிருந்தாப் படம் ஓடியிருக்கும்" என்றார். பிறகு, "ஆனா, அந்தப் பொண்ணு செஞ்சதுதானுங்க செரி" என்றார்.

ஒருவரோடு ஒத்துப்போகாமலேயே, தான் தோற்றுப்போவோம் என்று தெரிந்தே, அவருக்காக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்க ஒரு மனிதரால் முடியும் என்பதை அன்றைக்கு என் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு, எனக்குப் பிடிக்காத ஒன்றுக்கு 'செஞ்சு பாரு' என்று வாயால் சொல்லிவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.