என் எதிரியின் வாயைத் திறந்த தேவன்

சிட்னியின் பென்டில் ஹில்லில் இருக்கும் நம்முடைய ஜெபமண்டபத்தின் பின்சுவர் நான் எழுப்பியது. கூரைத் தகரம் நான் அடித்தது. சீமெந்துத் தரை, என் முழங்கால் தேயத் தேய நான் பூசியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எண்பத்தாறாம் ஆண்டில் ஒரே பையோடு சிட்னிக்கு வந்து, சொந்தமாகக் கட்டிட வேலை எடுத்துச் செய்தேன். மண்டபம் எழும்பியபோது படித்தவர்கள் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மண்டபத்தை உடைத்துத் திருடப் புகுந்தேன் என்று எனக்கே சிறைத்தண்டனை விதித்தார்கள். போதாததற்கு, அந்தத் தெருவில் கால் வைக்கக்கூடாதென்று தடையுத்தரவும் போட்டார்கள்.

சபைச் செயலாளருக்கும் எனக்கும் வாய்த்தர்க்கம். அவர் சொல்லாமல் பூட்டை மாற்றிவிட்டார். வழக்கம்போல விடிய ஜெபிக்கப் போன நான் குசினி யன்னலை நெம்பி உள்ளே இறங்கினேன். அவர் பொலிஸோடு வந்தார்.

"அங்கிள், ஆரைக் கேட்டு உள்ளுக்கை வந்தனீங்கள்?"

"இந்தச் சுவரைக் கேள், சொல்லும்."

"சுவர் கோட்டுக்கு வராது அங்கிள். நீங்கள்தான் வரவேணும்."

முதல் வழக்கில், மைக் பெட்டியைத் தூக்க வந்தேன் என்று அவர் சாட்சி சொன்னார். யன்னலுக்குக் கீழே நான் கழற்றி வைத்த சப்பாத்துகளைப் பொலிஸ் படம் எடுத்திருந்தது. சத்தம் கேட்காமல் நடக்கத்தான் கழற்றினேன் என்றார்கள். தண்டனையைக் கேட்டதும் என் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேன்முறையீடு செய்து பிணையில் வந்தேன். சபையார் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. உடைந்துபோனேன்.

மேன்முறையீட்டு நாளில், நீதிமன்ற நடையிலேயே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, எனக்கு இங்கிலிஷ் வராது. அந்த மனுஷனுடைய வாயாலேயே பேசும்."

"அப்பா, எல்லாரும் பாக்கினம், எழும்புங்கோ," என்றாள் மகள்.

"பாக்கட்டும்."

செயலாளர் மறுபடி கூண்டில் ஏறினார். நீதிபதி அந்தப் படத்தை எடுத்து, மண்டபத்துக்குள் சப்பாத்தோடு போவீர்களா என்று கேட்டார். மகள் என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் போகமாட்டம். அது பரிசுத்த இடம்," என்றார் செயலாளர், பெருமையாக.

"திருட வந்தவருக்குமா?"

செயலாளர் தண்ணீர் கேட்டார்.

தண்டனையும் போனது, தடையும் போனது. அன்றிலிருந்து, ஜெபிக்காமல் நான் வாய் திறப்பதில்லை. பொய்க் குற்றம் சுமக்கிறவர்களே, அவரிடம் கேளுங்கள். உங்களைக் கடிக்கிற வாயையே உங்களுக்காகப் பேச வைப்பார்.

மகிமையெல்லாம் அவருக்கே. ஆனால் மண்டப வாசலில் பதித்த கல்லில், கட்டியவர்கள் வரிசையில் முதல் பெயர் செயலாளருடையது. அவர் ஒரு செங்கல் தூக்கியதை நான் பார்க்கவில்லை. என் பெயர் அங்கே இல்லை. சபையாரே, வருகிற ஆண்டு விழாவுக்கு முன் அதைப் பொறியுங்கள். அவர் பெயருக்கு மேலே.