மஞ்சள் பூசிய ஓடு

வேதகிரி வீட்டு மாடுகளுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிப்பதென்றால் அது தாண்டவராயன் கைதான். முப்பது வருடமாக மாட்டுப் பொங்கலுக்கு வேறு கை அந்தக் கொம்புகளில் பட்டதில்லை. உத்திரமேரூருக்குத் தெற்கே ஏரியை ஒட்டிய ஊர் அது. வேதகிரிக்கு அங்கே நான்கு ஜோடி எருது, ஆறு கறவை, கண்ணுக்கு எட்டிய மட்டும் நிலம். தாண்டவராயனுக்கு என்று ஒரு கோழிக்குஞ்சுகூடக் கிடையாது. பிள்ளையும் கிடையாது. எட்டு எருதுக்கும் சலங்கை கட்டி, சிவப்பும் நீலமும் பளபளக்க நிறுத்திவிட்டு, காலனியில் இருக்கும் தன் குடிசைக்கு வெறுங்கையோடு திரும்புவான்.

"ஊரான் மாட்டுக்குச் சாணி வாரியே சாவப்போற நீ" என்று அவன் பெண்டாட்டி அம்முலு வாரத்துக்கு ஒருமுறை சொல்லுவாள். பொய்யா சொன்னாள்?

தொண்ணூற்றொன்றாம் வருடக் கோடையில் வேலிமுள் வெட்டப் போன இடத்தில் அவனுக்கு ஒரு ஆமை கிடைத்தது. ஏரி ஆமை இல்லை. முதுகில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு போட்ட தரை ஆமை, உள்ளங்கை அகலம். ஒரு கையால் அள்ளிக்கொண்டு வந்தான். பாதி வழியில் அது காலை உதைக்க, கை வழுக்கிக் கல்லில் விழுந்து, ஓட்டின் ஓரத்தில் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்து ரத்தம் கசிந்தது. ஓட்டிலிருந்து ரத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அதைத் தொடுவதற்கே அவனிடம் ஒரு முறை உண்டு. முதலில் கையைக் கழுவுவான். குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்து, விரல்களை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவான். நின்றுகொண்டு தூக்க மாட்டான். விழுந்தாலும் ஒரு சாண் உயரத்திலிருந்துதான் விழ வேண்டும். தாம்பாளத்தில் அதன் தாடைக்கு மேல் ஏறாத அளவு தண்ணீர் விட்டு உட்கார வைப்பான். பசலை, நெருஞ்சி இலை, சப்பாத்திக்கள்ளிப் பழம் தவிர வேறு கொடுக்க மாட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுக்கு அதைக் கவிழ்த்துப் போட்டால் போச்சு, அடிக்க ஓடுவான். "மல்லாக்கப் போட்டா உள்ள மூச்சு முட்டும்டா! உன்னத் தலகீழாத் தொங்கவுட்டா தெரியும்!" எல்லாம் முடிந்ததும் மறுபடி கையைக் கழுவுவான்.

ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்று அம்முலுவின் சொந்தக்காரர்கள் கத்தினார்கள். "விளங்காம போறதுக்கு இங்க இன்னா கீது?" என்று அம்முலு கேட்டாள். ஆமைக்கு அவசரம் என்று பெயர் வைத்ததும் அவள்தான். காலையில் அடுப்படியில் கிளம்பினால் வாசலுக்கு வர வெயில் ஏறிவிடும். "அவசரம் எங்க போயிக்கினு கீது, ஆபீசுக்கா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆறு வருடத்தில் அவசரம் சோற்றுச்சட்டி மூடி அளவுக்கு வளர்ந்தது. தாண்டவராயனின் குரல் கேட்டால் தலையை நீட்டும். அவன் வாழ்க்கையில் 'என்னுது' என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே உயிர் அதுதான்.

தொண்ணூற்றேழாம் வருடப் பொங்கலுக்கு முந்தின நாள், வேதகிரி வீட்டுக்குப் பெயிண்ட் வாங்க உத்திரமேரூர் பஜாருக்குப் போனவன், பீர் முகம்மது கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பாய், சின்ன டப்பாவுல பச்ச ஒண்ணு. அது எனக்கு."

"உனக்கு ஏதுடா மாடு?"

"மாடு இல்ல பாய். ஆமை. வருசா வருசம் அடுத்தவன் மாட்டுக்கே அடிக்கிறேன். இந்த வாட்டி எங்க வூட்டு உருப்படிக்கும் அடிக்கலாம்னு..."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பீர் முகம்மது சிரிக்கவில்லை. "வேணாம் தாண்டவராயா. எங்க வூட்லயும் ஒண்ணு இருந்துச்சு. என் மச்சான் பெயிண்ட் அடிச்சி, அந்த ஓடே பொத்துப் பூடுச்சி. ஓட்டுக்கும் உசுரு கீது. மஞ்சத் தண்ணி தடவி வுடு, போதும்" என்றார்.

அப்படியே செய்தான். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் எருதுகளை அலங்கரித்து முடித்துவிட்டுக் குடிசைக்கு ஓடிவந்து, அவசரத்தைக் குளிப்பாட்டி, ஓடு முழுக்க மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்தான். அம்முலு சர்க்கரைப் பொங்கல் பொங்கி, அதற்கு மட்டும் பசலை கிள்ளிப் போட்டாள். அந்த நேரம் பார்த்தா வேதகிரியின் மகன் கோபால் புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்க வேண்டும்! தாண்டவராயனைக் கூப்பிட வந்தவன், மஞ்சள் ஆமையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னான்:

"தாண்டவா, இத்தயும் மந்தைவெளிக்கு இட்டுக்கினு வா. எங்க மாட்டுக்குக் கற்பூரம் காட்டறப்ப இதுக்கும் காட்டலாம்."

"நெசமாவா சின்ன மொதலாளி?"

"பின்ன? நீயும் மாட்டுக்காரன்தானடா."

"வேணாம்யா, அவன் கண்ணே சரியில்ல" என்று கிசுகிசுத்தாள் அம்முலு. முப்பது வருட ஆசை முன்னால் நிற்கும்போது பெண்டாட்டி பேச்சு எந்த ஆணின் காதில் விழுந்திருக்கிறது? இவன் காதிலும் விழவில்லை. துண்டை விரித்து, அவசரத்தைப் பக்குவமாக வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். கொண்டுவந்த நாளுக்குப் பிறகு நின்றபடி அதைத் தூக்கியது அன்று ஒருநாள்தான்.

மந்தைவெளியில் ஊர் மாடு பூராவும் கயிற்றில் நின்றது. மேளக்காரர்கள் கோலை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கற்பூரம் காட்டித் தண்ணீர் தெளித்ததும் மேளம் அடிப்பார்கள். கயிற்றை அவிழ்த்தால் மாடுகள் மிரண்டு பாய்ந்து ஓடும். முன்னால் செவலை நின்றது. தாய் செத்த கன்றாக இருந்தபோது தாண்டவராயன் புட்டியில் பால் ஊற்றி வளர்த்த எருது. அவனைக் கண்டதும் தலையை ஆட்டியது.

"கீழ வை, கற்பூரம் தரையிலதான காட்டணும்" என்றான் கோபால். தாண்டவராயன் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் இறக்கி வைத்தான். உண்மையாகவே கற்பூரம் காட்டினார்கள். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டு நகர்ந்ததும் கோபால் செருப்புக் காலால் ஆமையை ஒரு எத்து எத்தினான். அது மல்லாந்து விழுந்து நாலு காலையும் காற்றில் துழாவியது. ஊரே சிரித்தது. ஏன், நேற்றுவரை அவனோடு களத்துமேட்டில் கூழ் குடித்தவர்களும் சிரித்தார்கள்.

தாண்டவராயன் குனிந்தான். கோபால் அவன் தோளைப் பிடித்தான். "இருடா, அதுவா எழுந்துக்குதானு பாப்பம்."

"மூச்சு முட்டும் சின்ன மொதலாளி... வுடுங்க..."

கோபால் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். மேளம் விழுந்தது. கயிறு அவிழ்ந்தது. தாண்டவராயனை இரண்டு பேர் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அவன் கத்தியது மேளத்தில் கேட்கவில்லை. புழுதி அடங்கியதும் கோபால் சொன்னான், "நான் பிடிக்கலன்னா நீயும் மிதிபட்டிருப்ப. உன் உசுரக் காப்பாத்திகீறேன், ஒரு கும்பிடு போடு." படுபாவி! தாண்டவராயனும் கும்பிட்டான் என்பதுதான் வயிற்றெரிச்சல். முப்பது வருடப் பழக்கம், கை தானாகக் கூடிவிட்டது.

துண்டில் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தான். ஏரிக்கரையில் புதைப்பதற்கு முன் ஓட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தான். ஒரு துண்டு குறைந்தது. அம்முலு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை.

மறுநாள் காலையில் வேதகிரி ஆள் அனுப்பினார். செவலை வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. தாண்டவராயன் குந்தி உட்கார்ந்து காலைத் தூக்கி மடியில் வைத்தான். குளம்புப் பிளவில் ஆழமாக ஏதோ குத்தியிருந்தது. சேற்றைத் துடைத்தான். மஞ்சள் தெரிந்தது. நட்சத்திரத்தின் ஒரு கோடும் தெரிந்தது.

விரலால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். செவலை அவன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றது. பல் துலக்கிக்கொண்டே வந்த கோபால், "இன்னாடா தாண்டவா, ஆமைய மிதிச்ச கோவத்த மாட்டு மேல காட்டிடாத" என்று சொல்லிப் பல்லை இளித்தான்.

தாண்டவராயன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். சில்லு உள்ளே போய் மறைந்தது. செவலை உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அப்போதும் காலை உதறவில்லை. மேலே வேப்பெண்ணெயும் மஞ்சளும் அப்பித் துணியைச் சுற்றினான்.

"இன்னா இருந்துச்சு?" என்றார் வேதகிரி.

"கல்லு மொதலாளி. எடுத்துட்டேன்."

கோபாலின் தொண்டையில் அழுத்தியிருக்க வேண்டிய விரல் அது. வாயில்லாத ஜீவன் காலில் அழுத்தியது. வீட்டுக்கு வந்து அம்முலுவிடம் சொன்னான். அவள் அவன் கையைப் பார்த்தாள். "அது உன்ன இன்னாய்யா பண்ணுச்சு?" என்றாள். அன்று அவனுக்குச் சோறு போடவில்லை.

மூன்றாம் நாள் அவனே போய்க் கட்டை அவிழ்த்துத் தோண்டினான். கால் பானையாக வீங்கிப் பிளவு மூடிக்கொண்டிருந்தது. சில்லு கைக்கு அகப்படவில்லை. செவலை வலி தாங்காமல் கத்தியபோது இவனும் சேர்ந்து கத்தினான். ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. மாசி பிறந்ததும் அடிமாட்டுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. நொண்டியும் கிழடுமாக எருதுகளை வைத்துக்கொண்டு எதற்கு மாரடிப்பது என்று மற்றவற்றையும் விற்கச் சொல்லி, கோபால் டிராக்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தான். "கறவைய நாங்களே பாத்துக்குவோம். இனிமே மாட்டுக்கு ஆள் வேணாம் தாண்டவா. அறுப்புக்கு வேணா வா" என்றான்.

லாரி வந்தது. பலகையைச் சாய்த்தார்கள். செவலை ஏறவில்லை. வாலை முறுக்கினார்கள், தடியால் அடித்தார்கள், கண்ணில் மிளகாய் தேய்த்தார்கள். நகரவில்லை.

"தாண்டவன இட்டுக்கினு வாங்கடா. அவன் பேச்சத்தான் கேக்கும்" என்றார் வேதகிரி.

வந்தான். லாரிக்குள் ஏறி நின்று, புட்டிப்பால் காட்டிக் கூப்பிட்ட நாளில் எப்படிக் கூப்பிட்டானோ அப்படியே கூப்பிட்டான். செவலை அந்தக் காலைத் தூக்கியபடியே மூன்று காலால் பலகையில் ஏறி வந்து, அவன் கையை நக்கியது.