சென்னப்பன் வீட்டுச் சேவல்

இன்று நானும் சிநேகிதன் சென்னப்பனும் காவேரிப்பட்டினத்தில் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனோம்.

மண்புழு கோத்துப் பிடிப்பதல்ல. எங்களிடம் இருந்தது, ஓசூரில் இருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தூண்டில். முள்ளில் இறகைப் பூச்சி மாதிரிக் கட்டி, தண்ணீர் மேல் வீச வேண்டும்.

என் இறகு தண்ணீரைத் தொட்டதும் ஒரு முழக் கெண்டை பாய்ந்து கவ்வியது.

சென்னப்பன் துள்ளிக் குதித்தான். "இந்தச் செவப்பு றெக்கை எங்கடா கெடச்சது?"

"உங்க வூட்டுச் சேவல் வாலுலதான். காலையில நீ மூஞ்சி கழுவப் போனப்ப புடுங்கிட்டேன்," என்றேன் பெருமையாக.

அவன் முகம் சுண்டிப்போனது.

"அது முனியப்பனுக்கு நேந்து வுட்டதுடா. எம் பொண்ணுக்குக் காய்ச்சல் எறங்குனதுக்கு. நாளைக்குப் பொங்கல் வெக்கிறோம். ஊனமில்லாம குடுக்கணும்னு அம்மா அதுமேல யாரையும் கை வெக்க வுடல."

மீனை நீட்டினேன். வாங்கவில்லை.

திரும்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "நான்தான் புடுங்கனேன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன். நீ இனிமேலும் எங்க வூட்டுக்கு வந்து போவணுமில்ல."

இப்போது என் வீட்டில் அந்தக் கெண்டைக் குழம்பு மணக்கிறது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

ஒரே ராத்திரியில் சேவலுக்கு வால் முளைக்க மருந்து தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து விடிவதற்குள் சொல்லுங்கள்.