ஆடிக்கு முன் ஒரு நிலை

மரம் விற்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். இப்போது மரத்துக்கே அது இல்லை. கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற என் இனத்தவரே, போன ஆனியில் நான் பட்டதை நீங்களாவது கேளுங்கள்.

வளையம் எண்ணிய அண்ணை

இல்ஃபோர்டில் எங்கள் மரக்கடைக்குத் தேவராசா அண்ணை வந்தார். வீட்டுக்குப் பின்னால் புது அறை கட்டுகிறார். லண்டனானாலும் ஊர் முறைப்படி ஐயரைக் கூப்பிட்டு, நல்ல நேரத்தில்தான் வாசல் நிலை நிறுத்த வேண்டும். வெள்ளி காலை ஒன்பது பத்துக்கு முகூர்த்தம். அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஒரு மாதம் நல்ல காரியம் கிடையாது, பில்டரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

பின்லாந்துப் பைன் மரத்தைக் காட்டினேன். அண்ணை கண்ணாடியைக் கழற்றி, வெட்டுமுகத்து வளையங்களைப் பார்த்தார். முன்பு வாங்கிய மரத்தில் வளையங்கள் நெருக்கமாக இருந்தனவாம். இதென்ன, இவ்வளவு அகலம்? வடக்கே கோடை நீண்டுவிட்டது, குளிரில் மெல்ல வளர்ந்த மரம் இப்போது விறுவிறுவென்று வளர்கிறது, அதனால் உறுதி கொஞ்சம் குறைவு என்று சப்ளையர் சொன்னதை ஒப்பித்தேன். அண்ணை தலையாட்டினார்.

"அப்ப எங்கட சின்னவன் மாதிரித்தான். ஆறடி வளர்ந்திட்டான், ஒரு அரிசி மூட்டை தூக்க ஏலாது."

கலியாண வருடம்

மறுநாள் அண்ணை தன் மனைவி பத்மா அக்காவோடு வந்தார். அக்கா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சில வளையங்கள் ஏன் நூல் போல ஒடுங்கியிருக்கின்றன என்று கேட்டார். வெயில் ஏறி மழை பொய்த்த வருடங்களில் மரம் வளராது என்றேன். உடனே கொண்டை ஊசியை எடுத்து, வெளி வளையத்திலிருந்து உள்ளே எண்ணத் தொடங்கினார். ஓரிடத்தில் ஊசி நின்றது. அந்த மரத்தையே எடுக்கச் சொல்லி அண்ணை அவசரப்படும்படி அக்கா சொன்னது இதுதான்.

"கலியாணம் கட்டின வருசம் நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பிறகு மரத்துக்கே கஷ்டம்."

மஞ்சள் குளியல்

நிலையைச் செய்து கொடுத்து, நனைக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். வியாழக்கிழமை அண்ணை அதை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, காயட்டும் என்று தோட்டத்தில் சாய்த்துவிட்டார். அன்று பார்த்து லண்டனில் தார் உருகுகிற வெயில்.

வெள்ளி காலை எட்டரைக்கு போன் வந்தது. ஓடினேன். நிலை முறுக்கிக்கொண்டு, ஒரு காலை முன்னே நீட்டி, நடனத்துக்குத் தயாராக நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு நிலை செய்ய நேரமில்லை. பில்டர் ஆப்பு தேடினார். அண்ணை என்னை முறைத்தார், அக்கா அண்ணையை முறைத்தார். ஒன்பது எட்டுக்கு ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தியபடியே தீர்ப்புச் சொன்னார்.

"நிலை கோணலா நிண்டாலும் பரவாயில்லை, நேரம் கோணக் கூடாது. தூக்குங்கோ."

ஒன்பது பத்துக்கு நிலை நின்றது, ஆடியும் பிறந்தது, மஞ்சள் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கதவு மட்டும் இன்றுவரை சாத்துப்படாததால், வடக்கே காடு சூடாகிற காலத்தில் இல்ஃபோர்டில் ஒரு குடும்பம் கம்பளியோடு சோறு சாப்பிடுகிறது.