மிஞ்சின காயெல்லாம் என் சம்பளம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கண்ணை மூடுகிற நிமிஷத்தைச் சரியாகப் பார்த்துத் தெருவுக்குள் நுழைவதுதான் காய்கறி வண்டித் தொழிலின் முதல் பாடம். வண்டி ஏழுமலை மாமாவுடையது. அதன் தலைமேல் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் கத்துகிற குரல் என்னுடையது. ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் லிஸ்ட்டுக்காகக் காத்திருக்கிற பதினேழு வயசுப் பெண் நான். பதிவு செய்த என் குரல் மேலே தொண்டை கிழியக் கத்தும், நான் கீழே மாமா பக்கத்து சீட்டில் வேர்க்கடலை தின்றுகொண்டு வருவேன். தக்காளி விலையைக் கேட்டுவிட்டு, "இன்னிக்குப் புளி ரசம் போதும்" என்று வீட்டுக்குள் திரும்பிப் போன அனைவருக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தம்.

வேலை கிடைத்த விதம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் குரலைக் கேட்டாலும் என் தொண்டை அதைத் திருடிவிடும். டவுன் பஸ் கண்டக்டர், கோயில் மைக்கில் செருப்பு காணாமல் போனதை அறிவிக்கிறவர், பக்கத்து வீட்டு ஆடு, ஒருவரும் தப்பியதில்லை. ஒருநாள் மதிலுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஏழுமலை மாமா மாதிரியே மூக்கால் கத்தினேன். "வாங்கம்மா, வாங்கம்மா, வண்டி கெளம்பப் போவுது." ஒதியம்பட்டில் எங்கள் தெருவே பையும் கையுமாக வெளியே வந்து நின்றது. வண்டியைக் காணோம். கால் மணி கழித்து நிஜ வண்டி வந்தபோது, வெயிலில் காய்ந்த அத்தனை பேரும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை.

என்னைக் காட்டிக் கொடுத்தது என் தம்பி. அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன், மாமா வேலை கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு அது தேவைப்பட்ட நேரம். அப்பா பெயிண்ட் அடிக்கிறவர், மழை பிடித்தால் வீட்டில்தான் இருப்பார். அம்மாவுக்குக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அம்மாவின் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, விலைவாசி மட்டும் தினமும் நடைப்பயிற்சி போகிறது. காய் வாங்குவதை அம்மா வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்திருந்தாள். "இவளுக்கு இன்னாண்ணே சம்பளம்?" என்று கேட்டாள். மாமா வண்டியிலிருந்து ஒரு கட்டைப்பையை எடுத்து நீட்டினார்.

"சாயந்தரம் வண்டியில மிஞ்சறதெல்லாம் உங்க வூட்டுக்கு. மிஞ்சலன்னா என்னைக் கேக்கக் கூடாது தங்கச்சி."

நாலாவது விசில்

எங்கள் சமையலறைதான் ரெக்கார்டிங் தியேட்டர். வீட்டில் ஃபேன் சத்தம் இல்லாத ஒரே இடம் அது, அங்கே ஃபேனே இல்லை. ஒரு காலையில் "சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம்" என்று முடித்து மூச்சு விடும்போது எங்கள் குக்கர் ஒரு விசில் விட்டது. மறுபடி பதிவு செய்யச் சோம்பல். அப்படியே அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குச் சமையல் நேரத்தில் மங்கலத்தில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் "பெரிய வெங்காயம்" என்றது, அப்புறம் உஸ்ஸ்ஸ். அத்தனை பேரும் வெண்டைக்காயைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார்கள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். அடுத்த சுற்றில் மறுபடி உஸ்ஸ்ஸ், மறுபடி ஓட்டம். மூன்றாம் தடவை ஓடாமல் நின்ற ஒரு அக்கா, கரண்டியும் கையுமாக மாமா பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"எங்க வூட்டு குக்கர் மூணு விசிலோட நிறுத்தியாச்சு, நாலாவது வுட்டது உன் வண்டியா? பாதி வெந்த பருப்ப வச்சிக்கினு நிக்கறேன், திரும்பப் பத்த வைக்க கேஸு நீ வாங்கித் தருவியா?"

போனில் இருக்கும் பெண்

மாமா விடிகாலையில் திருக்கனூர் போய்ச் சரக்கு எடுப்பார். அங்கிருந்தே போனில் விலையைச் சொல்லுவார். நான் பாயில் உட்கார்ந்தபடி பதிவு செய்து அனுப்புவேன். தக்காளி ஏறிக்கொண்டிருந்த வாரம் அது. ஒருநாள் நான் தூங்கிப்போனேன். மாமா அறுபது ரூபாய்த் தக்காளியை ஏற்றிக்கொண்டு வந்தார், மேலே என் குரலோ "கிலோ நாப்பதே நாப்பது" என்று நேற்றைய சந்தோஷத்தில் பாடிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைப்பதற்குள் கூடப்பாக்கத்தில் ஒரு அம்மா அதைத் தன் போனில் பிடித்துவிட்டார். மாமா அறுபது என்றார். அந்த அம்மா போனைத் தூக்கிக் காட்டி அழுத்தினார். "கிலோ நாப்பதே நாப்பது" என்றேன் நான், போனுக்குள்ளிருந்து. மாமா "அது பழசும்மா" என்றார். மறுபடி அழுத்தினார். நான் மறுபடி நாப்பது என்றேன். நிஜமான நான் அந்த நேரம் சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

"நீ தள்ளிக்கப்பா. போனுல இருக்கற இந்தப் பொண்ணு நல்ல மாதிரி தெரியுது, நான் அதுங்கிட்டயே வாங்கிக்கறேன்."

டீச்சர் விற்ற முருங்கைக்காய்

விலை ஏறியதும் கூட்டம் குறைந்தது. "எதனா புதுசா பண்ணு" என்றார் மாமா. என் தொண்டைக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? ஒரு நாள் செய்தி வாசிக்கிறவர், ஒரு நாள் கல்யாண வீட்டு மைக்செட்காரர். மூன்றாம் நாள், எனக்கு ஆறாவதில் கணக்கு எடுத்த விமலா டீச்சர். "இன்னும் யாரெல்லாம் முருங்கைக்காய் வாங்கல? கை தூக்கு. கடைசி வீடு, அங்க இன்னா பேச்சு? எழுந்து வா." அந்த டீச்சரிடம் படிக்காத தலைமுறையே எங்கள் பக்கத்தில் கிடையாது. பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூடச் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்கள்.

நான் மறந்துபோன ஒரு விஷயம், அந்தத் தெருவின் முனை வீடு டீச்சருடையது. கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். முழுசாக ஒரு சுற்று தன் குரலைத் தானே கேட்டார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தானாக வாயில் வந்தது.

"முப்பது வருஷம் இதே குரல்ல கத்தினேன், ஒருத்தரும் எழுந்து வந்தது இல்ல. ரெண்டு முருங்கைக்காய் கொசுறு போடு."

இன்னிக்கு, நாளைக்கு

கிலோ என்ற வார்த்தையே அப்புறம் தெருவில் கேட்கவில்லை. கால் கிலோவும் போய் எண்ணிக்கைக்கு வந்துவிட்டார்கள். லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர், சைக்கிளில் காலை ஊன்றியபடி பத்து நிமிஷம் தக்காளிகளைப் பார்வையிட்டார். பெண் பார்க்க வந்தவர்கூட அத்தனை கவனமாகப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் நன்றாகப் பழுத்தது ஒன்று, செங்காய் ஒன்று, இரண்டை மட்டும் எடுத்துத் தராசில் வைத்தார். "ரெண்டும் பழமா எடுத்துக்கய்யா" என்றார் மாமா.

"பழம் இன்னிக்கு, காய் நாளைக்கு. நாளான்னிக்கு எங்க வூட்ல எல்லாரும் விரதம்."

சுமாராகக் கத்து

டீச்சர் குரல் வில்லியனூர் வரைக்கும் பிரபலமாகிவிட்டது. வண்டி சாயந்தரம் சுத்தமாகக் காலியாகத் திரும்பியது. மாமா சீழ்க்கையடித்தார். எனக்கு மட்டும் கட்டைப்பையின் அடியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அடுத்த நாள் அதுவும் இல்லை. நான் நன்றாகக் கத்தக் கத்த எங்கள் வீட்டுச் சட்டி காலியானது. நான்கு நாளாகத் தொடர்ந்து தேங்காய் இல்லாத துவையல். தம்பி தட்டைப் பார்த்து, "இது நேத்து வந்த துவையலா, அதுக்குத் தங்கச்சியா?" என்று கேட்டான். அம்மா அவனை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கம்பெனில எல்லாரும் உன் குரலத்தான் புகழ்றாளுங்க. அவ்ளோ நல்லா ஏன்டி கத்தற, கொஞ்சம் சுமாரா கத்தக் கூடாதா?"

உயிர் இல்லாத குரல்

பெற்ற தாய் சொல்லைத் தட்டலாமா? அன்று ராத்திரியே ஒரு புதுக் குரலைப் பதிவு செய்தேன். சாப்பாட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் ஆபீஸ் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் குரல். "தக்காளி... இருக்கு. கத்திரிக்காயும்... இருக்கும்னு நெனைக்கறேன். நாளைக்கு வந்தாக்கூடப் பரவால்ல." ஒருவரும் வெளியே வரவில்லை. ஒரு வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். பை நிரம்பியது. வீட்டில் தக்காளி போட்ட சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு. "யாருக்கு நிச்சயதார்த்தம்?" என்றான் தம்பி.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாயந்தரம் மாமா வண்டியை எங்கள் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். பையை நிரப்பிக்கொண்டிருந்த என்னிடம், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

"டீசல் போட்டு ஊரச் சுத்தறதே உங்க வூட்ல காய் எறக்கறதுக்குன்னு ஆயிடுச்சு. வண்டிய வித்துட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போலாம்னு இருக்கறேன் பொண்ணே."

பேச்சுவார்த்தை

மாமா வண்டியை விற்றால் எனக்குப் பையும் இல்லை, அவருக்குப் பிழைப்பும் இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் வாயைத் திறந்தால் என் குரல் வரவில்லை. பொய் சொல்ல என்னிடம் பத்துக் குரல் இருக்கிறது, உண்மை சொல்ல ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் மாமாவின் மூக்குக் குரலிலேயே, அம்மா சொன்னதிலிருந்து கவுன்ட்டர் குரல் வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். மாமா கதவைத் திறந்து இறங்கினார். "என்னைக் கவுத்ததை என் குரல்லயே சொல்றியா நீ?" என்றார். சிரிப்பா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குள் அம்மா வெளியே வந்தாள். பையை வாங்கி, உள்ளே இருந்த தக்காளியையெல்லாம் ஒவ்வொன்றாக வண்டித் தட்டிலேயே திருப்பி அடுக்கினாள். நானும் தம்பியும் அந்தத் தக்காளிகளை வழியனுப்பி வைத்தோம். "தப்பு எங்களுதுதான்ண்ணே, அத ஒத்துக்கறேன்" என்றாள். "ஆனா மிஞ்சினதக் குடுக்கறதுக்குப் பேரு கூலி இல்ல. காலைல லோடு ஏத்தும்போதே ஒரு பை எடுத்து வச்சிடு. அப்புறம் இவ கத்தறதப் பாரு." மாமா நெற்றியைச் சொறிந்தார். டீச்சர் குரல் நாளைக்கே வருமா என்று கேட்டார். வரும் என்றேன். பையைத் திரும்ப என் கையில் கொடுத்தார்.

"சரி, காலையிலயே ஒரு பை. ஆனா அன்னன்னிக்கு எது ரொம்ப மலிவோ, அதத்தான் போடுவேன்."

இப்போது மூன்று வாரமாகச் சுரைக்காய்தான் மலிவு. ஆகவே ஊரே விலை இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்போது, சுரைக்காய் மட்டும் கொஞ்சம் ஏறினால் தேவலை என்று கும்பிடுகிற ஒரே குடும்பம் எங்களுடையது.