ராஹெரவின் நெடில்

மறுநாள் காலை ரோட்டோரத்தில் நட வேண்டிய பலகை. அதைப் பார்க்க முதல் நாள் மத்தியானம் எங்கள் பட்டறைக்கு வந்த மாவோரிப் பெண்மணி ஹினே, பெயரைக் கண்டதும், "இது எங்கட ஆள் இல்லை" என்றார். (அவர் பேசியது ஆங்கிலம். என் வாயில் வருகிற யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன்.)

ஈஸ்ட் டாமாக்கியில் பெயர்ப்பலகை செய்யும் பட்டறை ஒன்றில் நான் மேற்பார்வையாளன். இங்கே டெய்ரி என்கிற மூலைக்கடை, பல் டாக்டர், 'நாயை அவிழ்த்துவிடாதீர்கள்' என்று எல்லாம் செய்தாகிவிட்டது. இது வேறு மாதிரி வேலை. ஹுனுவா மலைக்காட்டை ஒட்டிப் போகிற ரோட்டில் ஒரு பழைய வரலாற்றுப் பலகை நின்றது. நூற்றைம்பது வருசத்துக்கு முன் வெள்ளைக்காரப் பட்டாளமும் இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளும் காட்டுக்குள் மோதிக்கொண்ட இடம் அது. பட்டாளத்து அதிகாரியின் பெயர் பதவியோடு பெரிதாக இருந்தது. மற்றப் பக்கத்துக்கு, "கலகக்காரர் சிலர் மாண்டனர்" என்ற ஒரே வரி. ஊரில் எங்கள் சனத்தின் சாவையும் இப்படித்தான் 'சிலர்' என்று செய்தியில் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதுப் பலகையில் அந்தச் சிலரில் ஒருவருக்குப் பெயர் வந்தது. ராஹெர. காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாடு சுமந்துபோனபோது சுடப்பட்ட பெண். ஹினேயின் முன்னோரில் ஒருவர். இந்த ஒரு பெயரை ஏற்றுவதற்கு ஹினே எத்தனையோ கூட்டங்களில் எழுந்து நின்று பேசியிருக்கிறார்.

மாவோரி மொழியிலும் நமக்கு இருப்பதுபோலக் குறிலும் நெடிலும் உண்டு. பலர் நெடிலுக்கு எழுத்தின் மேல் கோடு போடுவார்கள். ஹினேயின் ஆட்கள் கோடு போடுவதில்லை, ஆங்கில 'ஏ'யை இரண்டு தரம் எழுதுவார்கள். எங்கள் ஆர்ட்வொர்க் பார்க்கிற காயத்ரி மதுரைப் பெண், கெட்டிக்காரி. ப்ரூஃப் ஓகே ஆகி வந்த பிறகு, கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவள், அந்த இரண்டில் ஒரு 'ஏ'யை எடுத்துவிட்டாள். ராஹெர, ரஹெர ஆகிவிட்டார்.

"நாம வாட்ஸாப்ல தமிழை இங்கிலீஷ்ல அடிக்கும்போது 'வாங்க'வுக்கு ரெண்டு ஏ போடுவோம்ல அண்ணா? அந்த மாதிரி யாரோ பழக்கதோஷத்துல போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். கவர்மெண்ட் போர்டாச்சே, நீட்டா இருக்கட்டுமேன்னு..." என்றாள் காயத்ரி.

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை. தமிழரைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிழை வராது. பாஸ்போர்ட்டில் ஒரு ஏ, வாட்ஸாப்பில் இரண்டு ஏ என்று வாழ்கிற ஆட்கள் நாங்கள். பாலன் என்கிற என்னை இந்த நாடே 'பலன்' என்று கூப்பிடுகிறது, நானும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்க்கிறேன்.

முதலாளி கிரெய்க் நல்ல மனுசன், ஆனால் அவசரக்காரன். ஹினேயின் காதில் விழாமல் என்னை ஒரு பக்கம் இழுத்தான். "பலன், எண்பதில போற காரில இருந்து ஆர் எழுத்துக்கூட்டி வாசிக்கப் போறான்? பெயரை மட்டும் வினைல் ஸ்டிக்கரா வெட்டி மேல ஒட்டிவிடு. நாளைக்குத் திறப்பு விழா இருக்கு."

"ரெண்டு கோடை வெயிலுக்கு ஒட்டினது உரிஞ்சுபோம். பலகையில முதல்ல காணாமல் போறது அவவின்ர பெயர்தான். அதிகாரியின்ர பெயர் அப்பிடியே நிக்கும்" என்றேன்.

கிரெய்க் தலையைச் சொறிந்தான். புதிதாக அச்சடித்தால் மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே லேமினேட் போட முடியும். மறுநாளைக்குள் நடக்காத காரியம். கடைசியில், "சரி, நீயே போய்ச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டான். ஹினேயிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் பலகையில் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தார். பிறகு, "பெயர் இல்லாமல் இவ்வளவு காலம் இருந்திட்டம். பிழையான பெயரோட ஒரு நாளும் வேண்டாம். கம்பத்தை மட்டும் நட்டு விடுங்கோ. நாளைக்கு நாங்கள் வாயால சொல்லுறம்" என்றார். போகும்போது காயத்ரியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சொன்னபடியே செய்தார்கள். விடியற்காலைக் குளிரில் இரண்டு வெறுங்கம்பங்களுக்கு முன்னால் பெரியவர்களும் பிள்ளைகளும் கூடி நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். 'ரா' என்கிற ஓர் எழுத்து அவ்வளவு தூரம் நீளும் என்று நான் நினைத்ததில்லை. காயத்ரி பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கியது.

அடுத்த வாரம் புதுப் பலகையைக் கம்பங்களில் பூட்டப் போனோம். ஹினேயும் வந்திருந்தார். நான் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் ஏற்றம் ஏறி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தண்ணீர் குடிக்க இறங்கினாள். குடித்துக்கொண்டே பலகையை வாசித்தாள். பெயர் வந்த இடத்தில் தடுக்கி, இரண்டு ஏயையும் உற்றுப் பார்த்து, "ரா... ஹெர" என்று இழுத்துச் சொன்னாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இவ ஆர்?" என்று கேட்டாள்.

"வா, சொல்லுறன்" என்று ஹினே அவளை மரநிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பூட்டி முடித்து, சாமான்களை எல்லாம் வான் வண்டியில் ஏற்றிய பிறகும் கதை முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவருடைய பெயரில் எழுத்து கூடுதலாகத் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அந்த வீட்டாருக்கு ஃபோன் போட்டு, சொல்லிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காயத்ரி இப்போது அப்படித்தான் செய்கிறாள். பெயர் சரியாக இருந்தால், அது யார் என்று கேட்க வழியில் போகிற ஒருத்தி சைக்கிளை நிறுத்துவாள். நாம் பலகை செய்வது அதற்குத்தான்.